சொவ்ரேல் பிரபுவின் முகம்

ரோஜா நிறப் பட்டுத் துணியை வரைவதில் ஒரு சங்கடம் உண்டு. அதில் ரோஜா நிறம் மிகக் குறைவு. மடிப்பின் உச்சியில் கிட்டத்தட்ட வெள்ளை, பள்ளத்தில் பழைய ஒயினின் சிவப்பு, சன்னல் பக்கம் திரும்பிய இடத்தில் லேசான நீலம். காலடியில் நாய் படுத்திருந்தால் நாயின் பழுப்பும் கொஞ்சம் ஏறிவிடும். இவற்றையெல்லாம் அந்தந்த இடத்தில் வைத்துவிட்டால், பார்க்கிறவர் தாமே ரோஜா நிறத்தைப் பார்த்துக்கொள்வார். பதினேழு வருடமாக நான் இந்த வேலையைத்தான் செய்துவந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு ஆரம்பம் இதுதான். உங்கள் எழுத்தருக்கு அவசரம் இல்லையென்றால் நானும் நிதானமாகவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

என் பெயர் பெர்ரின். என் அப்பா இதே பாரிஸில் சீமாட்டிகளின் விசிறிகளுக்குப் படம் போடுகிறவர். பத்தொன்பது வயதில் என்னை ஆன்செல்ம் வோக்லேருக்குக் கட்டிக்கொடுத்தார். அவருக்கு அப்போது நாற்பது. பெரிய மனிதர்களின் உருவப்படம் என்றால் அவர்தான் என்று பெயர் வாங்கியிருந்தார். கல்யாணமான மூன்றாவது வாரம், ஒரு நீதிபதியின் சட்டைக் கையிலிருந்த லேஸை வரைந்து பார் என்று என்னிடம் தூரிகையைக் கொடுத்தார். வரைந்தேன். அதற்குப் பிறகு அவர் லேஸ் வரையவே இல்லை. கொஞ்ச நாளில் பட்டும் என்னிடம் வந்தது, பிறகு பொத்தான்கள், கைகள், நாய்கள், பின்னால் தெரியும் தோட்டமும் நீரூற்றும். முகம் மட்டும் அவருடையது. வோக்லேர் வரைந்த பட்டுத் துணியைத் தொட்டால் சரசரக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை அவரே வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

படம் முடிகிற அன்று அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். இருப்பதிலேயே சின்னத் தூரிகையை எடுத்து, கண்மணி இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வைப்பார். பின்னால் நகர்ந்து நின்று, "இப்ப மூச்சு விடுறாரு பாரு" என்பார். அந்தப் புள்ளி விழும்வரை படம் யாருடையதும் அல்ல, விழுந்த பிறகுதான் அது வோக்லேரின் படம் என்பது அவர் கணக்கு.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருடைய வலது கண்ணில் பால் படர்ந்தது. ஒரு வைத்தியர் ஊசியால் அதைத் தள்ளிவிடுகிறேன் என்றார். கண் சீழ் பிடித்துப் போயிற்று. பிறகு இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. கேட்டால் சன்னல் அழுக்காக இருக்கிறது என்பார். நான் சன்னலைத் துடைப்பேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சன்னல் அழுக்காகிவிடும். அப்படியே முகங்களும் என் கைக்கு வந்து சேர்ந்தன. முதலில் மூக்கின் நிழல், பிறகு கன்னம், பிறகு முழு முகமும். வெளியே யாருக்கும் தெரியாது. கடைசிப் புள்ளியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. போன வருடம் ஒரு சீமாட்டியின் படத்தில் அந்தப் புள்ளி கண்மணியை விட்டு இமையின் ஓரத்தில் விழுந்துவிட்டது. வந்து பார்த்த அவளுடைய அண்ணன், தன் தங்கை அழுதுகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறதே என்றார். நல்லவேளை, அவள் புருஷனை இழந்தவள். எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் வோக்லேர் என்று சொல்லி எடுத்துப்போனார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் சொவ்ரேல் பிரபு வந்தார். அவரை உங்களுக்குத் தெரியும். முழு உருவப்படம் வேண்டும், ஆகஸ்டில் லூவ்ரில் நடக்கும் கண்காட்சியில் அது இருக்க வேண்டும், பிறகு தன் கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். என் புருஷன் எழுந்து நின்று கைகுலுக்கி ஒப்புக்கொண்டார். அவர் நீட்டிய கை பிரபுவின் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. பிரபுதான் நகர்ந்து வந்து பிடித்தார்.

அவர் போன பிறகு கேட்டேன். "ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்காம? வோக்லேருக்குக் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் தண்டோரா போடச் சொல்றியா?"

"லூவ்ர்ல எல்லா ஓவியரும் வந்து மூக்கை ஒட்டிக்கிட்டுப் பார்ப்பாங்க. முகத்தை யாரு வரையறது?"

"நான்தான். நீ பக்கத்துல நின்னு எங்க என்ன இருக்குன்னு சொல்லு, போதும். என் கைக்குத் தெரியும்டி."

பிரபு வந்து உட்கார்ந்த முதல் அமர்வில் என் புருஷனின் கை என்ன செய்தது என்று நான் விவரிக்க விரும்பவில்லை. அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த முறையிலிருந்து வண்ணத்தட்டு அவர் கையில், தூரிகை என் கையில் என்று ஆகிவிட்டது. படம் வரைகிற துணி ஆள் உயரத்துக்கு மேல் இருந்ததால் பின்னால் நாங்கள் இருவரும் என்ன செய்கிறோம் என்பது எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது. என் புருஷன் பேசுவார், நான் வரைவேன். பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பிரபுவும் பேசுகிறவர்தான். ஐம்பது வயதிருக்கும். மாவு தூவிய பொய்முடி, கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு, ரோஜாப் பட்டுக் கோட்டில் வெள்ளி இழையில் கொடி ஓடும். "என்னைச் சிரிக்கச் சொல்லாதீங்க வோக்லேர். என் வாயில நாலு பல்லு யானையோடது" என்பார். "கோட்டையில எங்க பரம்பரை மொத்தமும் சுவத்துல தொங்குது. எல்லாம் ஒரே கழுதையைப் பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்கும். என்னையாவது மனுஷனாக்கி விடுங்க." என் புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கோ அந்த முகத்தில் பிடிக்க ஒன்றுமே கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் திறந்துவைத்த கூடம்போல இருந்தது அது. எல்லாம் துடைத்து, எல்லாம் எடுத்துவைத்து.

மூன்றாவது அமர்வின்போது என் புருஷனுக்கு வயிற்றுவலி வந்தது. ஈயவெள்ளை வண்ணத்தோடு குடித்தனம் நடத்துகிற ஓவியர்கள் பலருக்கும் வருகிற வலிதான். பத்து வருடமாக அவருக்கு அது போவதும் வருவதுமாக இருந்தது. பிரபுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே போய்ப் படுத்துவிட்டார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிரபு அப்போது தன் கிளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"தினம் காலைல அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுது, மதாம். யாரும் வரலைன்னா என்னைத் திரும்பிப் பார்க்குது. நான் ஏதோ அவளை ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி. அதுக்குப் பதில் சொல்ல முடியாமத்தான் நான் பாரிஸுக்கு ஓடி வந்தேன்னு வச்சுக்குங்களேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் முன்னமே நின்றுவிட்டிருந்தன. கூடத்துக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து மூடியதுபோல ஒரு நொடி. நான் வரைந்தேன். என் கை எனக்கு முன்னால் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "வோக்லேர் கீழ போய் கால் மணி நேரம் ஆச்சு. தூரிகைச் சத்தம் நிக்கவே இல்லையே, மதாம்."

"பட்டு வரையறேன், பிரபு."

"பட்டு வரையறவங்க என் மூஞ்சியையா அப்படிப் பார்ப்பாங்க?"

எழுந்து சுற்றிக்கொண்டு வந்தார். நான் தூரிகையைப் பின்னால் மறைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். மூக்குப்பொடி டப்பியை எடுத்துத் திறந்து, போடாமலேயே மூடிப் பைக்குள் வைத்தார்.

"கிளியைப் பத்திச் சொன்னப்போ நான் இப்படியா இருந்தேன்?"

"இப்படித்தான் இருந்தீங்க, பிரபு."

"எவ்வளவு காலமா நீங்கதான் வரையறீங்க?"

மறைத்திருந்த தூரிகையை மேசைமேல் வைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இந்தப் படத்துல உங்க பேருதான் இருக்கணும்."

அவர் காலில் விழுந்தேன், ஐயா. என் புருஷனின் மானம் போய்விடும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சினேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, வாக்குக் கொடுத்தார். அன்று மாலை நான் சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். பதினேழு வருடத்தில் முதல் முறை.

நான்காவது அமர்வுக்கு என் புருஷன் எழுந்து வந்துவிட்டார். அன்று ஒரு கோடுகூட விழவில்லை. பிரபுவுக்கு உண்மை தெரியும், எனக்கும் தெரியும், நடுவில் இவர் தட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். பிரபு மரியாதைக்குச் சிரித்தார். மறுபடியும் அந்தக் கூடம்தான் திறந்திருந்தது. "கன்னத்துல சிவப்பு இன்னும் கொஞ்சம் போடு. பிரபுன்னா செக்கச்செவேல்னு இருக்கணும்" என்று என் காதில் சொன்னார் என் புருஷன். சொன்னதோடு நிற்காமல் விரலைச் சிவப்பில் தோய்த்துத் துணியை நோக்கி நீட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஐந்தாவது அமர்வில் அவருக்கு வலி வந்தது. நான் மனிதனின் உதட்டை எப்படி வரைவது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆறாவதில் அவர் நன்றாக இருந்தார், நாள் வீணாயிற்று.

மொத்தம் பதினான்கு அமர்வுகள் தருவதாகப் பிரபு சொல்லியிருந்தார். எனக்கு முப்பத்தாறு வயது. என் புருஷனின் கண் அடுத்த வருடம் முழுதாக அணைந்துவிடும், அதோடு எங்கள் வீட்டு வாசலில் வண்டிகள் நிற்பதும் முடிந்துவிடும். என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள், என் பெயர் யாருக்கும் தெரியாது. அதாவது, ஒரு மனிதனின் முகம் என் எதிரே உட்கார இன்னும் எட்டு நாள்கள் மிச்சமிருந்தன. என் ஆயுள் முழுவதற்கும் எட்டு. அந்த நாள்களில் காலையில் கண் விழித்ததும் என் புருஷன் எப்படி மூச்சு விடுகிறார் என்றுதான் முதலில் கவனிப்பேன். வலியில் முனகினால் எனக்கு நெஞ்சு லேசாகும்.

வலி தானாக வந்த நாள்கள் போதவில்லை. இவ்வளவு சொன்னால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காய்வதற்காக நாங்கள் ஒரு வெள்ளைத் தூளைச் சேர்ப்போம். ஈயத்தைக் காடியில் ஊறவைத்து எடுப்பது. ஈயச் சர்க்கரை என்று பெயர். பெயருக்கேற்றபடி இனிக்கும். மோசமான ஒயினை நல்ல ஒயினாக்க அதைக் கலக்கிற வியாபாரிகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அமர்வுக்கு முந்தைய நாள் மதியம், அவர் குடிக்கிற ஒயினில் கத்தி முனையால் ஒரு சிட்டிகை போடுவேன். மறுநாள் காலை அவரால் எழ முடியாது. நான் மாடிக்குப் போவேன். சாயங்காலம் இறங்கி வந்து, எண்ணெய் காய்ச்சி அவர் வயிற்றில் தேய்த்துவிடுவேன், சூடான துணி வைத்துக் கட்டுவேன், தலையை மடியில் வைத்துக்கொள்வேன். அதில் எதுவும் நடிப்பில்லை, ஐயா. அவருக்கு வலிப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வைத்தியர் வந்து இரத்தம் எடுத்தார். உடம்பு தேற தினமும் இரண்டு கோப்பை ஒயின் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒயின் இப்பல்லாம் நல்லா இருக்குடி. எங்க வாங்குற?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதே கடைதாங்க."

"அப்ப உன் கையிலதான் ஏதோ இருக்கு. நீ இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன், பெர்ரின்."

அவர் அப்படிப் பேசுகிற மனிதர். அவரைப் பற்றி என்னிடமிருந்து கெட்டதாக ஒரு வார்த்தையும் உங்களுக்குக் கிடைக்காது. என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. வேறொருத்தியிடம் போனதில்லை. என் அம்மா சாகும்போது பன்னிரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஜூலையில் அவருடைய வலது மணிக்கட்டு விழுந்துவிட்டது. கையை நீட்டுவார், விரல்கள் காம்பொடிந்த பூமாதிரி கீழே தொங்கும். இந்த வலி முற்றினால் அப்படி ஆவதுண்டு என்று வைத்தியர் சொன்னார். அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். எங்கள் வேலைக்காரி தொய்னெத், ஐம்பது வயதுக்காரி, என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதீங்கம்மா, உங்களை மாதிரி ஒருத்தி கிடைக்க ஐயா குடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

மறுநாள் பதின்மூன்றாவது அமர்வு. நான் மாடிக்குப் போனேன்.

படத்தை நீங்கள் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிரபு கல் மேடையில் சாய்ந்து நிற்கிறார், பின்னால் நீரூற்று, காலடியில் நாய். ரோஜாப் பட்டு பேசப்பட்டது, அது எனக்குப் புதிதல்ல. எல்லாரும் முகத்துக்கு முன்னால் வந்து பேச்சை நிறுத்தினார்கள். இப்போதுதான் ஒரு வேடிக்கையைச் சொல்லி முடித்திருக்கிறார், சிரிப்பு உதட்டை விட்டு இறங்கவில்லை, ஆனால் அவர் அங்கே இல்லை. அது எப்படி வந்தது என்றால், கண்களில் நான் வெள்ளைப் புள்ளி வைக்கவில்லை. கண்மணியில் ஈரமும் நிழலும்தான் உண்டு. ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், அவர் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். மற்ற எல்லாப் பிரபுக்களையும் போல ஆகிவிடுவார். பதினான்காவது அமர்வின் முடிவில் படம் முடிந்துவிட்டது என்று பிரபுவிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு என் கையை எடுத்து, பெரிய சீமாட்டிகளுக்குச் செய்வதுபோலக் குனிந்து முத்தமிட்டார். வண்ணம் ஒட்டிய கை.

வியாழக்கிழமை லூவ்ருக்கு எடுத்துப்போக ஆள்கள் வருவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்பே நான் தூளை நிறுத்திவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தேறிக்கொண்டிருந்தார். சூப் குடித்தார், தொய்னெத்தைக் கிண்டல் செய்தார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

புதன்கிழமை மதியம் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். படுக்கை காலியாக இருந்தது. மாடியில் அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. இடது கையால் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. சின்னத் தூரிகை எங்க வச்ச?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? புள்ளி வைக்க வேணாமா? நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

"உங்களுக்கு உடம்பு முடியல. கை வேற நிக்கல."

"அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்தார். என்னுடையது, நீலம். "தூரிகையை என் கையோட சேர்த்துக் கட்டிவிடு. அப்புறம் பின்னால நின்னு என் மணிக்கட்டைப் புடிச்சுக்க. எங்க வைக்கணுமோ அங்க நீயே கொண்டு போ. நான் சும்மா அழுத்துறேன். அவ்வளவுதான்."

"இந்தப் படத்துக்குப் புள்ளி வேணாங்க. இல்லாமலே நல்லா இருக்கு."

அவர் சிரித்தார். "கண்ணு தெரியாதவன்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்றியே. பெர்ரின், இது முழுக்க நீ போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? முதல் நாளே சுரண்டிட்டியே, சுரண்டுற சத்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டுச்சு. நான் ஏதாவது சொன்னேனா? எடுத்துக்க. பட்டு, லேஸ், நாய், மூஞ்சி, எல்லாம் நீயே வச்சுக்க. எனக்கு ரெண்டு புள்ளி போதும். இனிமே நான் ஒண்ணும் கேட்கமாட்டேன். இதுதான் கடைசின்னு எனக்கும் தெரியும்டி."

ரிப்பனை நீட்டியபடியே நின்றார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தை விட்டு அரை அடி தள்ளிச் சன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் குறைந்துவிட்டது, நாளைக் காலையில் நல்ல வெளிச்சத்தில் வைக்கலாம் என்றேன். மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை. அவர் நம்பினார். "சரி, காலைல" என்று ரிப்பனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். படுக்கவைத்து, ஒயின் கொண்டுவந்து கொடுத்தேன். கத்தி முனையால் போடவில்லை. மூன்று கரண்டி.

"இன்னைக்கு ரொம்பத்தான் இனிக்குது" என்றார். முழுக் கோப்பையும் குடித்தார். இன்னொரு கோப்பை கொடுத்தேன், பாதி குடித்தார். போதும் என்றார்.

வியாழக்கிழமை காலை ஆள்கள் வந்தபோது அவருக்கு இரண்டு முறை வலிப்பு வந்து போயிருந்தது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. படத்தைப் படியில் இறக்குகிற சத்தம் கேட்டு என் கையைப் பிடித்தார்.

"கொண்டு போறாங்களா?"

"ஆமாங்க."

"புள்ளி?"

"நேத்தே வச்சீங்களே. மறந்துட்டீங்களா? ரிப்பன் வச்சுக் கட்டினோமே."

யோசித்தார். நெற்றி சுருங்கியது, பிறகு தெளிந்தது. "சரியா விழுந்துச்சா?"

"சரியா விழுந்துச்சு."

"மூச்சு விடுறாரா?"

"விடுறாருங்க."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வரைந்திருந்தால் நன்றாக வந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு இறந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் அவரைச் சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தேன், ஐயா. அவருடைய கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது. கை நடுங்கிய கிழவன் என்று யாரும் சொல்லவில்லை. ஊர் சிரிக்கும் முன்னால், பெயர் உச்சத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். இதைவிட ஒரு மனைவி என்ன செய்துவிட முடியும் என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி திறந்த அன்று கறுப்பு உடுத்திக்கொண்டு போனேன். படத்துக்குக் கீழே கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வோக்லேரின் கடைசிப் படைப்பு, மிகச் சிறந்த படைப்பு என்றார்கள். சாவு நெருங்குவதை உணர்ந்துதான் கண்ணில் ஒளியை வைக்காமல் விட்டிருக்கிறார் என்று ஒருவர் விளக்கம் சொல்ல, சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொவ்ரேல் பிரபு சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் வாங்கிய வாக்கு அது. அவர் அதை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தொய்னெத்துக்கு என் புருஷன் கோப்பையில் மிச்சம் வைத்ததை வழித்துக் குடிக்கிற பழக்கம். எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு வந்த அதே வலி அவளுக்கும் வந்து, அவளுடைய மணிக்கட்டும் விழுந்தபோது வைத்தியருக்குச் சந்தேகம் தட்டியது. இப்போது தேறிவருகிறாள் என்று சொன்னார்கள். நல்லது. அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நான் மறுத்திருக்கலாம். தொய்னெத் கிழவியின் பேச்சைத் தவிர உங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் கதவைத் தட்டியபோது, சொல்லிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. இது அரசாங்கக் காகிதம், எழுத்தர் எழுதுவது அழியாது, நான் கையெழுத்தும் போடப்போகிறேன். ஆகவே இந்த இடத்தைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சொவ்ரேல் பிரபுவின் உருவப்படத்தில் கோட்டும் லேஸும் கைகளும் நாயும் நீரூற்றும் பெர்ரின் வோக்லேர் வரைந்தது. முகமும் பெர்ரின் வோக்லேர் வரைந்தது. முகம் என்பதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டை நான்தான் பிடித்திருப்பேன், புள்ளி நான் விரும்பிய இடத்தில்தான் விழுந்திருக்கும், அதுவும் பிடிக்கவில்லையென்றால் அவர் கீழே இறங்கியதும் துணியால் ஒரு துடை துடைத்திருக்கலாம், ஈர வண்ணம்தானே, ஒரு மனிதன் செத்திருக்க வேண்டியதில்லையே என்கிறீர்கள். உண்மைதான். எண்ணெய் வண்ணம் ஒரு வாரத்துக்குக் காயாது. தடமே தெரியாமல் துடைத்திருக்கலாம்.

ஆனால் நான் துடைக்கும்வரை, ஐயா, அந்த முகம் அவருடையதாக இருந்திருக்கும்.